விருந்துக்கு மறுநாள் காலையில் அடுப்பைப் பற்றவைப்பது யார்?

அகப்பை எழுதியது:

எல்லோருக்கும் வணக்கம். ஆண்டுக் கடைசியில் ஆறு குடும்பங்கள் ஒரே வீட்டில் கூடினோம். ஆளுக்கொரு நாட்டின் பண்டிகைச் சாப்பாட்டைச் செய்து கொண்டுவர வேண்டும் என்று ஏற்பாடு. இரண்டு மாதமாகக் குழுவில் பேசி, படம் போட்டு, சின்னதாகச் சண்டையும் போட்டு, விருந்து ஒருவழியாக நன்றாகவே நடந்தது.

பிரச்சினை மறுநாள் காலையில்தான். பதினெட்டுப் பேர் எழுந்து உட்கார்ந்திருக்கிறார்கள். தொட்டி நிறையப் பாத்திரம். ஃப்ரிட்ஜைத் திறந்தால் எட்டு டப்பாக்கள், எதிலும் ஒருவருக்கு முழுசாகப் போதுகிற அளவு இல்லை. "காலைக்கு என்ன?" என்று கேட்டவர்கள் பதினேழு பேர். பதினெட்டாவது ஆள் நான்.

ரொட்டியும் ஜாமும் எடுத்து வைத்துச் சமாளித்தேன். ஆனால் அன்றிலிருந்து ஒரு கேள்வி மண்டையைக் குடைகிறது. பண்டிகை விருந்தைப் பற்றி எல்லோரும் எழுதுகிறார்கள். மறுநாள் காலையைப் பற்றி யாருமே எழுதுவதில்லையே? மற்ற நாடுகளில் இதற்கு என்ன வழி வைத்திருக்கிறார்கள்? தெரிந்தவர்கள் சொல்லுங்கள். அடுத்த வருஷமும் இதே வீடு, இதே ஆட்கள்.

பின்னிரவு எழுதியது:

அக்கா, இதற்கு ஜப்பான்காரர்கள் வைத்திருக்கும் வழிதான் எனக்குத் தெரிந்து கச்சிதம். புத்தாண்டுக்கு ஓசெச்சி என்று அடுக்குப் பெட்டியில் வைப்பார்கள். கருப்பு பீன்ஸ், மீன் முட்டைத் திரள், சுருட்டிய இனிப்பு முட்டை, காடியில் ஊறிய முள்ளங்கியும் கேரட்டும், இறால். ஒவ்வொன்றுக்கும் ஓர் அர்த்தம் உண்டு. இறால் ஏனென்றால், முதுகு வளையும் வரை ஆயுசோடு இருக்க வேண்டும் என்பதற்காக.

ஆனால் உங்களுக்கு வேண்டியது அர்த்தம் அல்ல, செய்முறை. சர்க்கரை, சோயா, காடி தூக்கலாகப் போட்டு ஆண்டு முடிவதற்குள்ளேயே எல்லாவற்றையும் செய்து அடுக்கிவிடுவார்கள். ஜனவரி முதல் மூன்று நாள் அடுப்படியில் யாரும் நின்று சமைக்க வேண்டியதில்லை. பெட்டியைத் திற, சாப்பிடு, மூடு. கூட ஒரு சூப் மட்டும் சூடாக.

அப்புறம் ஜனவரி 7 அன்று காலையில் ஏழு கீரை போட்ட கஞ்சி. டர்னிப்பும் முள்ளங்கியும் அந்த ஏழில் சேர்த்தி. வாரம் முழுக்கத் தின்று களைத்த வயிற்றுக்கு ஓய்வாம். மறுநாள் காலைச் சாப்பாட்டுக்குத் தனியாக ஒரு தேதியே குறித்து வைத்திருக்கிறார்கள், பாருங்கள்!

மாவுக்கை எழுதியது:

எனக்குப் பிடித்தது வியட்நாம் வழி. டெட் புத்தாண்டுக்கு பான் சுங் என்று சதுரக் கட்டி செய்வார்கள். பசை அரிசி, நடுவில் பாசிப்பருப்பு, பன்றி இறைச்சி. இலையில் பொதிந்து கட்டிப் பத்துப் பன்னிரண்டு மணி நேரம் வேகவைக்க வேண்டும். பெரிய அண்டாவைச் சுற்றி ராத்திரி முழுக்க வீடே விழித்திருக்கும். தெற்கே போனால் அதுவே உருளையாகி, பேர் பான் டெட் ஆகிவிடும்.

நாலாம் நாள், ஐந்தாம் நாள் காலையில் என்ன ஆகும் என்றால், கட்டி இறுகிப் போயிருக்கும். அதைத் தோசைக்கல் மாதிரித் தட்டையான வாணலியில் போட்டு, கொஞ்சம் தண்ணீர் ஊற்றிக் கரண்டியால் மசித்துவிட வேண்டும். தண்ணீர் சுண்டச் சுண்ட அரிசி மறுபடி இளகி ஒரே அடையாகச் சேர்ந்துகொள்ளும். அப்புறம் அடுப்பைக் குறைத்துவிட்டு, தொடாமல், தொடவே தொடாமல் காத்திருக்க வேண்டும். ஓரம் பொன்னிறமாகி வாணலியை விட்டுத் தானே நகர ஆரம்பித்ததும் ஒரு தட்டைக் கவிழ்த்துத் திருப்பலாம். வெளியே மொறுமொறு, உள்ளே இழுபடும். தொட்டுக்கொள்ள ஊறுகாய் வெங்காயம். நான் இதைச் சாப்பிடுவதற்காகத்தான் முதல் நாள் விருந்தையே பொறுத்துக்கொள்வேன்.

உப்புக்கல் எழுதியது:

எல்லாம் சரி. ஆனால் காலையில் கட்டாயம் ஏதாவது சாப்பிட்டே ஆக வேண்டும் என்பதே விளம்பரக்காரர்கள் கட்டிவிட்ட கதைதானே? பதினெட்டுப் பேரையும் பட்டினி போட்டிருக்கலாம்.

நூல்கண்டு எழுதியது:

உப்புக்கல் தம்பி, பாதி சரி, பாதி தப்பு. விளம்பரத்தின் கை அதில் இருந்தது உண்மைதான். மிச்சிகன் மாநிலத்தின் பேட்டில் கிரீக்கில் கெல்லாக் சகோதரர்கள் 1894-இல் தானியச் செதிலைக் கண்டுபிடித்தது, தங்கள் நலவாழ்வு விடுதியில் தங்கியவர்களுக்குச் சாதுவான சாப்பாடு தருவதற்காக. பிறகுதான் அது டப்பாவில் அடைபட்டு உலகம் சுற்றியது. பன்றி இறைச்சியும் முட்டையும் அமெரிக்கக் காலை உணவாக நிலைத்ததில் மக்கள் தொடர்பு நிபுணர் எட்வர்ட் பெர்னேஸுக்குப் பங்குண்டு. 1920-களில் பீச்நட் என்ற இறைச்சி நிறுவனத்துக்காக வேலை பார்த்தவர். "லேசான காலை உணவு நல்லதா, வயிறு நிறைகிற காலை உணவு நல்லதா?" என்று மருத்துவர்களைக் கேட்டு, சுமார் 4,500 பேர் இரண்டாவதை ஆமோதித்தார்கள் என்று பத்திரிகைகளில் வரவைத்தார். பிற்காலத்தில் இதை அவரே பெருமையாகச் சொல்லிக்கொண்டார்.

தப்பான பாதி இது. காலை உணவு என்ற யோசனையே விளம்பரத்தில் பிறந்தது என்றால், மொழிகளுக்கு அது எப்படித் தெரிந்தது? ஆங்கிலத்தில் பிரேக்ஃபாஸ்ட் என்ற சொல்லுக்கு நோன்பை முறிப்பது என்று பொருள். ஸ்பானிய மொழியில் தேசயூனோ, அதுவும் அதே பொருள். அரபியில் காலை உணவு ஃபுதூர், ரமலான் நோன்பு திறப்பது இஃப்தார். இரண்டும் ஒரே வேரில் முளைத்தவை. துருக்கியில் மட்டும் கஹ்வால்டி, அதாவது காபிக்கு அடியில் போடுவது. வெறும் வயிற்றில் காபி குடிக்கக் கூடாதாம், அதற்காக ஏதோ கொஞ்சம்.

அகப்பையின் கேள்விக்கு இந்த வேர்ச்சொல் உதவும் என்று நினைக்கிறேன். சில பண்டிகைகளில் மறுநாள் காலை என்ற தொந்தரவே கிடையாது. காலை உணவுதான் விருந்து.

வெங்காயமில்லை எழுதியது:

துருக்கி என்று சொல்லிவிட்டீர்கள், இனி நான் சும்மா இருக்க முடியாது. தக்காளி, பச்சை மிளகாய், முட்டை சேர்த்துக் கிளறும் மெனெமென் அங்கே காலை மேசையின் ராஜா. அதில் வெங்காயம் போடலாமா கூடாதா என்று 2018-இல் உணவு விமர்சகர் வேதாத் மிலோர் ட்விட்டரில் வாக்கெடுப்பு வைத்தார். நாலு லட்சம் பேருக்கு மேல் வாக்களித்தார்கள். வெங்காயக் கட்சி மயிரிழையில் ஜெயித்தது.

நான் தோற்ற கட்சி. பெயரைப் பார்த்தாலே தெரியும்.

மாவுக்கை எழுதியது:

வெங்காயம் போடாத மெனெமென் வெறும் தக்காளி முட்டை. சரி, சொல்லிவிட்டேன். மேலே போவோம்.

ஜன்னலோரம் எழுதியது:

நூல்கண்டு ஐயா சொன்ன 'காலை உணவுதான் விருந்து' என்பதற்கு எத்தியோப்பியாவைச் சொல்லலாம். அங்கே ஆர்த்தடாக்ஸ் கிறிஸ்தவர்களின் கிறிஸ்துமஸ் ஜனவரி 7. அதற்கு முன் 43 நாள் விரதம், ஈஸ்டருக்கு முன் 55 நாள். விரதம் என்றால் இறைச்சி, பால், முட்டை, வெண்ணெய் எதுவும் கிடையாது. ஈஸ்டருக்கு முந்தைய இரவு தேவாலயத்தில் நின்றே கழியும். விடியாத இருட்டில் வீட்டுக்கு வந்து நோன்பை முறிப்பார்கள். எதைக்கொண்டு? டோரோ வட். கோழிக் குழம்பு, உள்ளே முழு முட்டைகள் மிதக்கும்.

அந்தக் குழம்புக்கு நறுக்குகிற வெங்காயம் இருக்கிறதே (வெங்காயமில்லை அண்ணன் மன்னிக்க), அது ஒரு குன்று. எண்ணெய் விடாமல் வெறும் சட்டியில் வதக்கிக்கொண்டே இருக்க வேண்டும். நிறம் மாறி, கூழாகி, பிறகுதான் பெர்பெரே மிளகாய்ப்பொடியும் தாளித்த வெண்ணெயும் சேரும். டெஃப் என்ற சிறுதானிய மாவைச் சில நாள் புளிக்கவைத்து, தோசை மாதிரி ஊற்றிய இஞ்சேராவில் அதைப் பரிமாறுவார்கள்.

மறுநாள் காலை மிச்சம் இருந்தால், காய்ந்த இஞ்சேராவைப் பிய்த்து, குழம்பில் போட்டுப் பிரட்டினால் ஃபிர்ஃபிர். எனக்கு அறைத்தோழி ஒருத்தி செய்து கொடுத்திருக்கிறாள். இஞ்சேரா துண்டுகள் குழம்பை முழுக்கக் குடித்து, ஆனால் கரையாமல், ஒவ்வொரு துளையிலும் காரத்தை வைத்துக்கொண்டு இருக்கும். முதல் நாள் சாப்பிட்டதைவிட அதுதான் ஞாபகத்தில் நிற்கிறது.

நூல்கண்டு எழுதியது:

அருமை ஜன்னலோரம். போலந்தின் ஈஸ்டரும் இதே ரகம். சனிக்கிழமை கூடையில் முட்டை, ரொட்டி, உப்பு, சாஸேஜ், வெண்ணெயில் வடித்த ஆட்டுக்குட்டி பொம்மை எல்லாம் வைத்துத் தேவாலயத்துக்குக் கொண்டுபோய் மந்திரித்து வருவார்கள். ஞாயிறு காலை அந்த முட்டையைத் துண்டு போட்டு ஆளுக்கொன்று கொடுத்து வாழ்த்திவிட்டுத்தான் மற்றதில் கை வைப்பார்கள். குடும்பம் கூடுவது மதியத்தில் அல்ல, காலையில்.

அப்புறம் ஹெய்ட்டி. 1804 ஜனவரி 1 அன்று விடுதலை பெற்ற நாடு. அடிமைகளாக இருந்தவர்கள் பரங்கிக்காய் சூப்பைச் சமைத்தார்கள், முதலாளிகள் குடித்தார்கள். சமைத்தவர்களுக்கு அது கிடையாது. விடுதலை ஆன அன்றிலிருந்து ஒவ்வொரு புத்தாண்டுக் காலையிலும் வீட்டுக்கு வீடு அதே சூப். பெயர் சூப் ஜூமூ. மாட்டிறைச்சி, கேரட், முட்டைக்கோஸ், பாஸ்தா எல்லாம் சேரும். பக்கத்து வீட்டுக்கு ஒரு கிண்ணம் போகும், அங்கிருந்து ஒரு கிண்ணம் வரும். 2021-இல் யுனெஸ்கோ பண்பாட்டு மரபுப் பட்டியலில் சேர்த்தது. இதை மிச்சச் சாப்பாட்டுக் கணக்கில் சேர்க்க மனம் வரவில்லை. ஆனால் காலை உணவு என்று பேசும்போது சொல்லாமல் விடவும் முடியவில்லை.

உப்புக்கல் எழுதியது:

ஐயா, ஒப்புக்கொள்கிறேன். பட்டினி யோசனையை வாபஸ் வாங்கிக்கொள்கிறேன்.

பரிகாரமாக என் தோல்விக் கதை. மெக்ஸிகோவில் ஜனவரி 6 அன்று வளைய ரொட்டி வெட்டுவார்கள். உள்ளே குட்டி பொம்மை ஒளிந்திருக்கும். யார் துண்டில் வருகிறதோ அவர் பிப்ரவரி 2 அன்று எல்லோருக்கும் தமாலே செய்து போட வேண்டும். அலுவலக நண்பர் ஒருவர் ரொட்டி கொண்டுவந்தார், பொம்மை என் பல்லில் மாட்டியது.

தமாலே என்றால் மக்காச்சோள மாவில் கொழுப்பு சேர்த்து அடித்து, உள்ளே கறி வைத்து, சோளத் தோகையில் மடித்து ஆவியில் வேகவைப்பது. நான் கடையில் சாதாரண மக்காச்சோள மாவு வாங்கினேன். பிசைந்தால் சேரவே இல்லை. கையை விட்டதும் மணல் மாதிரிக் கொட்டுகிறது. இன்னும் தண்ணீர் ஊற்றினேன், சேறாயிற்று. ஒன்றரை மணி நேரம் ஆவியில் வைத்துத் தோகையைப் பிரித்தால் உள்ளே ஈர மணலில் கோழி புதைந்திருந்தது.

அப்புறம் அந்த நண்பர்தான் சொன்னார், சோளத்தைச் சுண்ணாம்பு நீரில் கொதிக்கவைத்து, இரவெல்லாம் ஊறவிட்டு, தோலைக் கழுவிவிட்டு அரைத்த மாவுதான் சேருமாம். சுண்ணாம்பு பட்டால்தான் மாவு ஒட்டும். மாவை அடித்துப் பதம் பார்க்கச் சிட்டிகை எடுத்து ஒரு தம்ளர் தண்ணீரில் போட வேண்டும். மிதந்தால் பதம், முங்கினால் இன்னும் அடி.

நூல்கண்டு எழுதியது:

ஒட்டுவது மட்டும் அல்ல தம்பி. சோளத்தில் நயாசின் என்ற உயிர்ச்சத்து உடம்புக்குக் கிடைக்காதபடி கட்டுண்டு இருக்கும். சுண்ணாம்புதான் அதை அவிழ்த்துவிடுகிறது. ஐரோப்பாவுக்குச் சோளம் போனது, சுண்ணாம்பு வித்தை கூடப் போகவில்லை. வட இத்தாலியிலும், பிறகு அமெரிக்காவின் தென்மாநிலங்களிலும் சோளத்தையே நம்பியிருந்த ஏழைகளுக்கு பெலாக்ரா நோய் வந்தது. தோல் வெடிக்கும், பேதியாகும், புத்தி பேதலிக்கும். தொற்றுநோய் என்றே நெடுநாள் நினைத்தார்கள். சாப்பாட்டுக் குறைதான் என்று அமெரிக்க மருத்துவர் ஜோசப் கோல்ட்பர்கர் காட்டினார். அந்தச் சத்து எது என்று 1937-இல்தான் தெரிந்தது.

நெறியாளர் எழுதியது:

இழை நோயியலுக்குப் போகிறது. அகப்பைக்குப் பதினெட்டுப் பேருக்குக் காலை உணவு வேண்டும், நினைவிருக்கட்டும்.

அகப்பை எழுதியது:

இல்லை இல்லை, போகட்டும், நன்றாக இருக்கிறது. உப்புக்கல், அந்த 'ஈர மணலில் கோழி'யைப் படித்து என் வீட்டுக்காரர் அரை மணி நேரம் சிரித்தார். ஆனால் சரியான மாவில் செய்த தமாலே மறுநாள் காலைக்கு ஆகுமா, ஆகாதா?

உப்புக்கல் எழுதியது:

பிரமாதமாக ஆகும். மறுபடி ஆவி காட்டலாம். தோகையோடு சுடுகல்லில் போட்டுத் தோகை கருகும் வரை விட்டால் இன்னும் ருசி, லேசாகப் புகை வாசனை ஏறியிருக்கும். மெக்ஸிகோ நகரத்தில் தமாலேயை அப்படியே ரொட்டிக்குள் வைத்து வேலைக்குப் போகிற வழியில் சாப்பிடுகிறார்கள். மாவுக்குள் மாவு. கூடச் சோளக்கஞ்சி வேறு. மதியம் வரை பசிக்காது, நகரவும் முடியாது.

ஜன்னலோரம் எழுதியது:

விரைவாக இன்னும் சில. இங்கிலாந்தில் கிறிஸ்துமஸ் மிச்ச உருளைக்கிழங்கையும் முட்டைக்கோஸையும் மசித்து வாணலியில் வறுத்து மறுநாள் வைப்பார்கள், பெயர் 'பபுள் அண்ட் ஸ்குவீக்', வாணலியில் அது போடுகிற சத்தம்தான் பெயர். ரஷ்யாவில் ஜனவரி 1 காலையில் முந்தைய இரவின் ஆலிவியே என்ற உருளைக்கிழங்கு மயோனெய்ஸ் சாலட், பெரும்பாலும் அதே பெரிய பாத்திரத்திலிருந்து நேராகக் கரண்டியில். அமெரிக்காவில் நவம்பர் நாலாம் வியாழன் நன்றி நவிலல் விருந்து என்றால், வெள்ளி காலை மிஞ்சிய 'பம்ப்கின் பை' என்ற பூசணிப் பணியாரம், நின்றுகொண்டே. பிலிப்பைன்ஸில் முழுப் பன்றி சுட்டது மிஞ்சினால் காடி ஊற்றிக் கொதிக்கவைத்து லெச்சோன் பக்சிவ். மிலான்காரர்கள் மட்டும் விசித்திரம். பானெத்தோனே என்ற கிறிஸ்துமஸ் இனிப்பு ரொட்டியில் ஒரு துண்டை எடுத்து வைத்து, பிப்ரவரி 3 காலையில் காய்ந்து போனதை வெறும் வயிற்றில் சாப்பிடுகிறார்கள். தொண்டைக்கு நல்லதாம்.

மாவுக்கை எழுதியது:

ஒன்றை மட்டும் மிச்சம் வைக்காதீர்கள் அக்கா. கொரியாவின் புத்தாண்டு சூப், தொக்குக். ஒரு கிண்ணம் சாப்பிட்டால் ஒரு வயசு கூடும் என்பார்கள். அரிசி மாவை நீளமாக உருட்டி, சாய்வாக வெட்டிய வில்லைகள் தெளிந்த சூப்பில் மிதக்கும். ராத்திரி வைத்துவிட்டுக் காலையில் திறந்தேன். சூப்பே இல்லை! வில்லைகள் எல்லாவற்றையும் குடித்துவிட்டு ஒன்றோடொன்று ஒட்டி, பாத்திரத்தின் வடிவத்திலேயே இறுகி நின்றன. கவிழ்த்தால் அப்படியே கேக் மாதிரி விழுந்தது. சூப்பைத் தனியாக, வில்லையைத் தனியாக வைக்க வேண்டுமாம்.

சோறு சம்பந்தப்பட்ட எதையும் விருந்து முடிந்ததும் மேசையிலேயே விட்டுவிட்டுத் தூங்கப் போகாதீர்கள். வெந்த சோற்றிலும் சாகாமல் இருக்கிற நுண்ணுயிர் வித்து உண்டு. வெதுவெதுப்பில் அது பெருகி நஞ்சை விட்டுவிட்டால், அப்புறம் எவ்வளவு சூடு பண்ணினாலும் போகாது. இரண்டு மணி நேரத்துக்குள் ஃப்ரிட்ஜுக்குப் போய்விட வேண்டும்.

பின்னிரவு எழுதியது:

அக்கா, நான் இரவுப் பணிக்காரன். எனவே என் ஓட்டு எப்போதும் ராத்திரி தானே வேகிற சாப்பாட்டுக்கு. எகிப்தில் ஃபூல் அப்படித்தான். கழுத்துக் குறுகிய பானையில் பீன்ஸைப் போட்டு, சின்னத் தணலில் இரவெல்லாம் விட்டுவிடுவார்கள். காலையில் எலுமிச்சை, எண்ணெய், சீரகம் சேர்த்தால் முடிந்தது. ஆர்மீனியாவில் குளிர்காலத்தில் மாட்டுக்கால்களை உப்பில்லாமல் இரவு முழுக்கக் கொதிக்கவைத்து, விடிந்ததும் பூண்டும் காய்ந்த ரொட்டியும் போட்டுச் சாப்பிடுவது காஷ்.

ஆனால் இதில் கரை கண்டவர்கள் யூதர்கள். வெள்ளி சூரியன் சாய்ந்ததிலிருந்து சனி இரவு வரை அவர்களுக்கு ஓய்வு நாள், நெருப்பு மூட்டக் கூடாது. சனிக்கிழமை சூடாகச் சாப்பிட வேண்டும், சமைக்கவும் கூடாது. என்ன செய்வது? வெள்ளி பொழுது சாய்வதற்குள் சட்டியை ஏற்றி, மூடி, குறைந்த சூட்டில் விட்டுவிடுவது. ஏமன் யூதர்களின் ஜஹ்னூன் இப்படிப் பிறந்ததுதான். மெல்லிசாக இழுத்த மாவில் கொழுப்புத் தடவிச் சுருட்டி, சட்டியில் அடுக்கி, மேலே முழு முட்டைகளை ஓட்டோடு வைத்து மூடுவார்கள். பன்னிரண்டு மணி நேரம். காலையில் சுருள்கள் தேன் நிறம். தொட்டுக்கொள்ளத் துருவிய தக்காளியும், பச்சை மிளகாய் கொத்தமல்லி அரைத்த ஸஹூக் என்ற காரத் துவையலும்.

ஜஹ்னூன் மாவு இழுக்க உங்களுக்கு நேரம் இருக்காது. முட்டையை மட்டும் செய்யுங்கள். வெங்காயத் தோலைச் சேர்த்து வையுங்கள். ஆழமான சட்டி, தண்ணீர், முட்டை, கை நிறைய வெங்காயத் தோல். இறுக்கமான மூடி. ஓவனை 100 டிகிரியில் வைத்துவிட்டுப் போய்ப் படுங்கள்.

வெங்காயமில்லை எழுதியது:

தோல் மட்டும் என்பதால் இதை அனுமதிக்கிறேன்.

அகப்பை எழுதியது:

மூன்று வாரம் கழித்து வருகிறேன். பதினெட்டுக்குப் போகும் முன் ஒத்திகை பார்க்கலாம் என்று போன வெள்ளி இரவு ஆறு முட்டை வைத்தேன். பத்தரைக்கு ஓவனில் போனது. காலை ஏழுக்கு எடுத்தேன்.

ஓடு செங்கல் நிறம். உரித்தால் வெள்ளைக்கரு வெள்ளையாகவே இல்லை, பால் விட்ட டீ நிறம். மஞ்சள்கரு பொடியாக உதிரும் என்று நினைத்தேன், வெண்ணெய் மாதிரி இருந்தது. வாசனை வேகவைத்த முட்டை வாசனையும் இல்லை, ஏதோ வறுத்த பருப்பு வாசனை. வீட்டுக்காரர் நின்ற இடத்திலேயே மூன்று சாப்பிட்டார். முக்கியமாக, நான் எழுந்ததே ஏழு மணிக்கு.

ஒரே குறை, இரண்டு முட்டை வெடித்து, உள்ளே வெங்காயத் தண்ணீர் புகுந்து கசந்தது. எதனால்? அப்புறம், பதினெட்டுப் பேருக்கு ஒரே சட்டியில் முப்பத்தாறு அடுக்கலாமா?

பின்னிரவு எழுதியது:

ஃப்ரிட்ஜிலிருந்து எடுத்து நேராகச் சுடுதண்ணீரில் போட்டிருப்பீர்கள். ஒரு மணி நேரம் வெளியே வைத்துவிட்டு, பச்சைத் தண்ணீரில் போட்டு அடுப்பில் மெதுவாகச் சூடேற்றி, கொதி வந்த பிறகு ஓவனுக்கு மாற்றுங்கள். அடியில் வெங்காயத் தோலைக் கனமாகப் பரப்பினால் முட்டை சட்டியில் முட்டாது.

முப்பத்தாறு ஒரே சட்டியில் வேண்டாம், அடி முட்டைகள் நசுங்கும். இரண்டு சட்டியாக வையுங்கள். தண்ணீர் முட்டைக்கு மேல் இரண்டு விரல்கடை நிற்கட்டும், இரவில் கொஞ்சம் வற்றும்.